மான்செஸ்டர்க்காரர் யாரும் அப்படிப் பேச மாட்டார்

அமெரிக்க டிவி தொடர்களில் ஒரு பிரிட்டிஷ் பாத்திரம் வாயைத் திறந்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. ஒன்று, கஞ்சி போட்ட காலர் மாதிரி விறைப்பாகப் பேசும் சீமான். இல்லையென்றால், சொல்லுக்குச் சொல் 'ட்'டை விழுங்கும் லண்டன் தெருக்காரன். ஆறரைக் கோடிப் பேருக்கு மேல் வாழும் நாட்டை இந்த இரண்டு குரலுக்குள் அடைத்துவிட்டார்கள். வேல்ஸ் என்று ஒரு நாடு இருப்பதே பலருக்கு நினைவில்லை.

'ஃப்ரேசியர்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரையே பாருங்கள். 1993 முதல் 2004 வரை பதினோரு சீசன் ஓடியது. அதில் வரும் டாஃப்னி மூன் வட இங்கிலாந்தின் மான்செஸ்டர்ப் பெண் என்று தொடர் முழுக்கச் சொல்கிறார்கள். நடித்த ஜேன் லீவ்ஸ் இங்கிலாந்துக்காரர்தான், ஆனால் தெற்கே வளர்ந்தவர். அவர் பேச்சு வடக்கை எங்கேயோ தொட்டுவிட்டு நழுவுகிறது; மான்செஸ்டரில் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. அவள் சகோதரன் சைமனாக வருபவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த அந்தோணி லபாக்லியா. அவன் வாயில் லண்டன் வாடை. ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் எப்படி ஐயா 300 கிலோமீட்டர் தள்ளித் தள்ளிப் பேசுவார்கள்?

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. அதே தொடரில் நாயகனின் அப்பாவாக நடித்த ஜான் மஹோனி பிளாக்பூலில் பிறந்து மான்செஸ்டரில் வளர்ந்தவர். அந்த ஊர்ப் பேச்சைக் கேட்டே வளர்ந்த மனிதர் படப்பிடிப்புத் தளத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் கொடுத்ததோ ஓய்வுபெற்ற சியாட்டில் போலீஸ்காரர் வேடம், அமெரிக்க ஆங்கிலம்!

வித்தியாசம் நுணுக்கமானது, பார்ப்பவர்களுக்குத் தெரியாது என்று சமாதானம் சொல்லாதீர்கள். 'கப்', 'பஸ்' என்ற இரண்டு சொல் போதும். லண்டன்காரர் சொன்னால் அகரம் கேட்கும். மான்செஸ்டர்க்காரர் சொன்னால் அது உகரத்தின் பக்கம் சாய்ந்து, 'குப்', 'புஸ்' என்றே காதில் விழும். 'பாத்' (குளியல்), 'கிராஸ்' (புல்) எல்லாம் தெற்கேதான் நெடில். வடக்கே போனால் 'பத்', 'கிரஸ்' என்று குறுகிவிடும். மான்செஸ்டரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் மேற்கே லிவர்பூல் போங்கள், சொல்லின் கடைசி 'க்' தொண்டையில் உரசி 'ஹ்' மாதிரி வரும். நியூகாசிலில் 'டவுன்' என்பது 'டூன்'. பேச்சைக் கேட்டே ஊரையும், பல நேரம் அப்பா என்ன வேலை பார்த்தார் என்பதையும் ஊகிக்கிற நாடு அது. அங்கே பேச்சைத் தப்பாகப் போட்டால் பாத்திரமே தப்பாகிவிடுகிறது. அமெரிக்கத் தொடர்கள் எல்லார் வாயிலும் திணிக்கிற அந்தச் சீமான் ஆங்கிலத்தைப் பேசுகிறவர்கள், மொழியியலாளர் பீட்டர் ட்ரட்ஜிலின் கணக்குப்படி, நூற்றுக்கு மூன்று பேர்தான்.

ஆளா இல்லை? 'தி வயர்' தொடரில் பால்டிமோர் போதைக் கும்பலின் இரண்டாம் தலைவனாக வந்த இட்ரிஸ் எல்பா லண்டன், போலீஸ்காரனாக வந்த டொமினிக் வெஸ்ட் ஷெஃபீல்ட். 'தி வாக்கிங் டெட்' தொடரில் ஆண்ட்ரூ லிங்கன், லெனி ஜேம்ஸ், லிவர்பூல்காரர் டேவிட் மோரிசி, மூவருமே சொந்தப் பேச்சை மறைத்துக்கொண்டு நடித்தார்கள். அந்தப் பக்கம் 'தி நேனி'யில் ஆங்கிலேய பட்லராக வந்த டேனியல் டேவிஸ் ஆர்கன்சாஸ்காரர். 'பஃபி' தொடரில் பிரிட்டிஷ் ரத்தக்காட்டேரி ஸ்பைக்காக வந்தவர் கலிஃபோர்னியாக்காரர். அந்த இரண்டு பேரும் திறமைசாலிகள், அவர்கள் மேல் கோபமில்லை. பிரிட்டிஷ் பேச்சை ஒருவன் பணக்காரன், வில்லன், கோமாளி என்று காட்டுகிற வெறும் முத்திரையாகவே எழுதுகிறார்களே, அந்த எழுத்து மேஜை மேல்தான் கோபம். அந்த மேஜைக்கு ஊர் ஒரு பொருட்டே இல்லை.

பிரிட்டிஷ்காரர்களுக்குப் பல் மோசம் என்ற கேலி இன்னும் ஓயவில்லை. 2015-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வில், விழுந்த பற்களின் சராசரி இங்கிலாந்தில் 6.97, அமெரிக்காவில் 7.31. லண்டன் என்றாலே மூட்டம் காட்டுகிறார்கள். அது அந்தக் காலத்து நிலக்கரிப் புகை, 1952 டிசம்பரில் ஆயிரக்கணக்கான உயிரைக் குடித்து, 1956-இல் காற்றுத் தூய்மைச் சட்டம் வரக் காரணமானது. மழையா? லண்டனில் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர், நியூயார்க்கில் அதைப்போல் இரண்டு மடங்கு.

டீயையாவது ஒழுங்காகக் காட்டக் கூடாதா? நூல் தொங்கும் பையை வெதுவெதுத் தண்ணீரில் முக்கி, சுண்டு விரலைத் தூக்கிக் குடிக்கிறார்கள். சாதாரண பிரிட்டிஷ் வீட்டில் நூலில்லாத பை, தடித்த மக், தளதளவென்று கொதிக்கும் தண்ணீர், மூன்று நான்கு நிமிட ஊறல், கடைசியில் பால். 230 வோல்ட்டில் ஓடும் 3 கிலோவாட் கெட்டில் ஒரு லிட்டரை இரண்டு நிமிடத்தில் கொதிக்க வைக்கும்; 120 வோல்ட் அமெரிக்க வீட்டின் 1500 வாட் கெட்டிலுக்கு நாலு நிமிடம் வேண்டும். 'ஹை டீ'யை அரண்மனை விருந்து என்று எழுதுவது இன்னொரு கொடுமை. அது வேலை முடிந்து வந்த தொழிலாளிக் குடும்பம் சாயங்காலம் வயிறார உண்ட சாப்பாடு.

நிறம்? 2021 கணக்கெடுப்பில் லண்டன்வாசிகளில் 46 சதவீதம் பேர் வெள்ளையர் அல்லாதவர்கள். ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் பிறந்து, அந்தத் தெருவின் ஆங்கிலமே பேசும் ஈழத்தமிழ்ப் பிள்ளைகளும் பிரிட்டிஷ்காரர்கள்தான். அமெரிக்கத் திரையில் அவர்களைக் கண்டுபிடிக்க பூதக்கண்ணாடி வேண்டும்.

மான்செஸ்டர் என்று எழுதினால் 'குப்' என்று சொல்லத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். பிடித்த நடிகை தெற்குக்காரர் என்றால் பாத்திரத்தின் ஊரைத் தெற்கே மாற்றுங்கள். ஸ்கிரிப்டில் ஒரே ஒரு ஊர்ப் பெயரை அடித்து எழுத எத்தனை நொடி ஆகும்?