காரணம் தெரிந்தும் சொல்லாத பிழைச்செய்திகள்

ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதி நெருங்கும்போது, ஜிஎஸ்டி 3பி என்ற மாதாந்திர வரிப் படிவத்தைத் தாக்கல் செய்யும் அவசரத்தில், கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டினம் பக்கத்துக் கணக்கர்களிடமிருந்து கணினி சர்வீஸ் பார்க்கும் எனக்கு ஒரே மாதிரியான அழைப்பு வருகிறது. ஆலை அலுவலகக் கணினியில் இருக்கும் டேலி கணக்கு மென்பொருளை வீட்டிலிருந்து திறக்க, தூரத்துக் கணினியை இயக்க உதவும் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பில் முயன்றால் இணைப்பு கிடைப்பதில்லை. திரையில் வரும் செய்தியோ, தொலை இணைப்புக்கு அனுமதி இல்லை, அல்லது அந்தக் கணினி அணைந்திருக்கிறது, அல்லது நெட்வொர்க்கில் அது இல்லை என்று மூன்று காரணங்களை அடுக்குகிறது. மாங்கூழ் ஆலையின் கணக்கை முடிக்க இரவு பத்து மணிக்கு உட்கார்ந்திருப்பவர் இதில் எதை நம்பி யாரை எழுப்புவார்?

கணினிக்கு இதைவிடத் தெளிவாகவே தெரியும் என்பதுதான் என் ஆதங்கம். ரிமோட் டெஸ்க்டாப்புக்கான வாசல் போன்ற 3389 என்ற போர்ட்டுக்கு அனுப்பிய இணைப்பு அழைப்பு உடனே மறுக்கப்பட்டால், பெரும்பாலும் எதிர்முனைக் கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ரிமோட் சேவை மட்டும் இயங்கவில்லை. பதிலே வராமல் நேரம் கடந்துபோனால், கணினி அணைந்திருக்கலாம், நெட்வொர்க்கில் அதன் ஐபி முகவரி மாறியிருக்கலாம், ஃபயர்வால் என்ற பாதுகாப்புத் தடுப்பு மறித்திருக்கலாம். விண்டோஸ் முன்னதற்கு 10061 என்றும் பின்னதற்கு 10060 என்றும் தனித்தனி எண்ணே வைத்திருக்கிறது. முன்னது என்றால் வாட்ச்மேனை எழுப்பிப் பயனில்லை; பின்னது என்றால், கரண்ட் போய் வந்ததில் கணினி அணைந்துவிட்டதா என்று முதலில் பார்த்துச் சொல்ல அவரே போதும்.

குழப்பமான செய்தி நேரத்தை மட்டும் வீணாக்குவதில்லை. 2018 மே மாத விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, அதைப் போட்ட வீட்டுக் கணினி, போடாத அலுவலகக் கணினியோடு இணைய மறுத்தது. அப்போது வந்த செய்தி, கேட்ட செயல்பாடு ஆதரிக்கப்படவில்லை என்றும், கிரெட்எஸ்எஸ்பி (உள்நுழைவு விவரங்களை எதிர்முனைக் கணினிக்கு அனுப்பும் விண்டோஸ் முறை) தொடர்பான ஏதோ ஒன்று காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னதே தவிர, "அலுவலகக் கணினிக்கு அப்டேட் போடுங்கள்" என்ற ஒரு வரியைச் சொல்லவில்லை. விளைவாக, அப்டேட்டைப் போடுவதற்குப் பதில், பாதுகாப்பு அமைப்பையே தளர்த்திவிட்டு வேலையைத் தொடர்ந்தவர்கள் உண்டு. அந்த அப்டேட் எந்தப் பாதுகாப்பு ஓட்டையை அடைக்க வந்ததோ, அந்த ஓட்டை மறுபடி திறந்துகொண்டது.

பயனர் பெயர் தவறா, கடவுச்சொல் தவறா என்பதைப் பிரித்துச் சொல்லாததில் நியாயம் இருக்கிறது. அதைச் சொன்னால் திருட்டுத்தனமாக நுழையப் பார்ப்பவருக்குத்தான் உதவி. ஆனால் இணைப்பு எந்தப் படி வரை போய் எங்கே நின்றது என்பதை, இணைய முயலும் கணினியே தன் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்வதால் எந்த ரகசியமும் வெளியே போகாது. அந்த 10060, 10061 என்ற எண்ணையாவது முதல் திரையிலேயே காட்டுங்கள். அதைப் போனில் படித்துக் காட்டினால் மீதியை எங்களைப் போன்ற சர்வீஸ்காரர்கள் பார்த்துக்கொள்வோம்.