பூட்டியவர் ஒருமுறை நிரப்பிப் பார்த்திருக்கலாம்

மாதந்தோறும் கிளை அலுவலகங்களுக்கு எக்செல் படிவம் தயாரித்து அனுப்புகிறவர்களிடம் கேட்க எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. கடவுச்சொல் போட்டுப் பூட்டிய பிறகு, அனுப்புவதற்கு முன்னால், அந்தத் தாளை நீங்கள் ஒரு தடவையாவது நிரப்பிப் பார்த்ததுண்டா? நிச்சயமாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்திருந்தால், நாங்கள் தொகை எழுத வேண்டிய செல்கள், அதாவது கட்டங்கள், அனைத்தும் பூட்டிக் கிடக்க, யாருமே தொடக்கூடாத கூட்டுத்தொகை செல் மட்டும் கல்லாப்பெட்டியைத் திறந்து போட்டதுபோல் கிடக்கும் ஒரு விசித்திரமான தாள் எங்களிடம் வந்து சேர்ந்திருக்காது.

இது எப்படி நேர்கிறது என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. எக்செல்லில் ஒரு புதிய தாளைத் திறந்த உடனேயே அதன் 10,48,576 வரிசைகளிலும் 16,384 நெடுவரிசைகளிலும் உள்ள ஒவ்வொரு செல்லும் 'லாக்டு' என்றே குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் ரிவ்யூ பட்டையில் 'புரொடெக்ட் ஷீட்' கொடுக்கும்வரை அந்தக் குறிக்கு எந்தப் பலனும் கிடையாது. ஆகவே முதலில் மற்றவர்கள் எழுத வேண்டிய செல்களைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலும் 1-உம் சேர்த்து அழுத்தி, 'புரொடெக்‌ஷன்' பகுதியில் அந்தக் குறியை எடுத்துவிட்டு, அதன் பிறகுதான் தாளைப் பாதுகாக்க வேண்டும். நமது படிவத் தயாரிப்பாளரோ ஃபார்முலா, அதாவது தானே கணக்குப் போடும் சூத்திரம், இருக்கும் செல்லைத் தேர்ந்தெடுத்து, ஹோம் பட்டையின் 'ஃபார்மட்' பட்டியலில் உள்ள 'லாக் செல்' மீது ஒரு சொடுக்குச் சொடுக்கி, பூட்டிவிட்டதாக நினைத்து நிம்மதியடைகிறார். ஏற்கெனவே பூட்டு என்று குறிக்கப்பட்டிருந்த செல், அந்த ஒரு சொடுக்கில் திறந்துகொள்கிறது. பிறகு தாள் முழுவதற்கும் பாதுகாப்புப் போட்டால், திறந்தது அது ஒன்றுதான்; மற்ற அனைத்தும் பூட்டு. எல்லா செல்களையும் பூட்டாகவே வைத்துத் தொடங்கும் இந்த ஏற்பாட்டை யோசித்தவர்மீதும் எனக்குக் கோபம் உண்டு. கூகுள் ஷீட்ஸில் எதைக் காக்க வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்துக் காத்தால் போதும். இங்கே எதைக் காக்க வேண்டாம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

சரி, செல்களை ஒழுங்காகத் திறந்துவைத்தவர்களின் படிவங்களாவது உருப்படியாக இருக்கின்றனவா என்றால் அதுவும் இல்லை. மாதிரிக்கு 100 என்று எழுதிப் பார்த்து அதற்கு அளவாக நெடுவரிசையின் அகலத்தை வைத்துப் பூட்டியிருப்பார்கள். நாங்கள் 12,45,600 என்று எழுதினால் செல்லில் ##### என்று வேலி போட்டதுபோல் நிற்கும். அகலத்தைக் கூட்டலாம் என்றால் முடியாது, ஏனென்றால் பாதுகாப்புப் போடும்போது வருகிற பட்டியலில் 'ஃபார்மட் காலம்ஸ்' என்பதற்கு நேரே ஒரு குறி போடுவதற்கு அவருக்கு நேரமில்லை. எழுத்தின் அளவைக் குறைக்கவும் முடியாது. அதைத்தான் அச்செடுத்துக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டுமாம். தாளிலும் அதே ##### தான் வரும். அப்படி அனுப்பியதற்கு 'தொகை தெளிவாக இல்லை' என்று திருப்பி அனுப்பிய மகானுபாவரும் இருக்கிறார்.

வரிசைப்படுத்துதலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 'சார்ட்' என்பதற்கு அனுமதி கொடுத்திருக்கிறோமே என்பார்கள். கொடுத்திருக்கிறீர்கள், ஆனால் வரிசைப்படுத்த வேண்டிய பகுதியில் ஒரே ஒரு பூட்டிய செல் இருந்தாலும் அந்த அனுமதி செல்லாது, உங்கள் படிவத்திலோ வரிசை எண் நெடுவரிசை முழுவதும் பூட்டு. வேண்டிய வரிசைகளை மட்டும் காட்டும் ஃபில்டரும் அப்படியே, தாளைப் பூட்டுவதற்கு முன்பே அதைப் போட்டுவைத்திருந்தால்தான் பிறகு பயன்படுத்தலாம்.

இத்தனை கெடுபிடிக்கும் பிறகு அந்த ஃபார்முலாக்களாவது பத்திரமாக இருக்கின்றனவா? எங்கள் கணக்கு மென்பொருளிலிருந்து எடுத்த எக்செல் கோப்பில் உள்ள தொகையை நகலெடுத்து இந்தப் படிவத்தில் ஒட்டினால், தொகையோடு அதன் வடிவமும் பூட்டுக் குறியும் சேர்ந்தே வருகின்றன. அதுவரை திறந்திருந்த செல் ஒட்டிய கையோடு பூட்டிக்கொள்கிறது, தவறாக ஒட்டியிருந்தால் திருத்தவும் வழியில்லை. அந்தச் செல்லில் நீங்கள் வைத்திருந்த தேர்வுப் பட்டியலும் போய்விடும். மதிப்பை மட்டும் ஒட்டும் வசதியைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை என்று படிவத்தின் தலையில் ஒரு வரி எழுதிவைக்கலாம், யாரும் எழுதுவதில்லை. திறந்த செல் ஒன்றில் இருப்பதை வெட்டி இன்னொரு திறந்த செல்லில் ஒட்டினால் இன்னும் மோசம்: அந்தச் செல்லைச் சுட்டும் பூட்டிய ஃபார்முலாவே, சுட்டிய செல்லைக் காணோம் என்னும் 'ரெஃப்' பிழையைக் காட்டத் தொடங்கும். பூட்டு அப்படியேதான் இருக்கும், உள்ளே இருக்கும் கணக்குதான் செத்துப்போயிருக்கும்.

இதையெல்லாம் சொன்னால் 'பாதுகாப்புக் காரணங்கள்' என்று ஒரு பதில் வருகிறது. தாளுக்குப் போடும் இந்தப் பூட்டைப் பாதுகாப்பு ஏற்பாடாகக் கருத வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே தன் உதவிப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறது. எக்செல் கோப்பு என்பது உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் பொட்டலம்; அதைப் பிரித்து, உள்ளே இருக்கும் உரிய எக்ஸ்எம்எல் என்னும் உரைக் கோப்பில் தாளின் பாதுகாப்பைக் குறிக்கும் ஒரு பகுதியை நீக்கிவிட்டால் பூட்டு இருந்த சுவடே இருக்காது. 2013 பதிப்பிலிருந்து கடவுச்சொல்லைச் சேமிக்கும் முறை வலுவாக்கப்பட்டது என்பது உண்மைதான், ஆனால் அந்தப் பகுதியையே நீக்குகிறவனுக்குக் கடவுச்சொல் எதற்கு? கோப்பைத் திறக்கவே கடவுச்சொல் கேட்கும் குறியாக்கம் வேறு, அது உண்மையான காவல். தாளின் பூட்டு கைதவறி எதையாவது அழித்துவிடாமல் இருப்பதற்கான ஒரு தடுப்பு மட்டுமே, அதுவும் அக்கறையோடு போட்டால். மோசடி செய்ய நினைப்பவனை இது ஒரு நிமிடம்கூடத் தாமதப்படுத்தாது. விதிப்படி வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போக நினைக்கிற எழுத்தரைத்தான் மணிக்கணக்கில் உட்கார வைக்கிறது.

கடைசியில் கிளைகள் என்ன செய்கின்றன தெரியுமா? படிவத்தில் உள்ளதை மதிப்பாக மட்டும் ஒரு வெற்றுத் தாளில் ஒட்டி, கூட்டுத்தொகையைக் கால்குலேட்டரில் போட்டு, கையால் எழுதி அனுப்புகின்றன. நீங்கள் காப்பாற்ற நினைத்த ஃபார்முலா ஒன்றுகூட அதில் இல்லை. 'படிவத்தின் அமைப்பு மாற்றப்பட்டுள்ளது' என்று விளக்கம் கேட்டு நீங்கள் கடிதம் அனுப்புகிறீர்கள். கடவுச்சொல்லைத் தாருங்கள், சரிசெய்து கொள்கிறோம் என்று கேட்டால், அதைப் போட்டவர் மாற்றலாகிப் போய்விட்டார், அவரைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது என்கிறீர்கள். அடுத்த மாதப் படிவத்தையாவது பூட்டிய நிலையிலேயே ஒரு கிளையின் உண்மையான தொகைகளைக் கொண்டு மேலிருந்து கீழ்வரை நிரப்பி, அச்செடுத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். அதைச் செய்யும்வரை, ஐந்தாம் தேதிக்குள் வந்து சேரவில்லை என்று எங்களுக்கு நினைவூட்டல் அனுப்ப உங்களுக்கு எந்த அருகதையும் இல்லை.