பெட்ரோலில் துடைத்தால் பெயின்ட் உரியாதா?

"பைக் பேனலைக் கழற்றி, பெட்ரோலிலோ தின்னரிலோ அழுத்தித் துடைத்துவிட்டு ஸ்பிரே அடியுங்கள், பெயின்ட் உரியவே உரியாது" என்ற குறிப்பு வாட்ஸ்அப்பில் சுற்றிவருகிறது. இது தவறு. இரும்பு டேங்குக்குச் செய்யும் வேலையைப் பிளாஸ்டிக்கின் தலையில் கட்டுகிறார்கள்.

பக்கவாட்டு பேனல்கள் பெரும்பாலும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். அசிட்டோன் கலந்த தின்னர் பட்டால் அதன் மேற்பரப்பு கரைந்து பிசுபிசுக்கும். பெட்ரோலின் சேதமோ உடனே தெரியாது. திருகுத் துளை, மாட்டும் கொக்கி என இழுவிசை தேங்கும் இடங்களில் மயிரிழை விரிசல் விழலாம். அடுத்த முறை கழற்றும்போது கொக்கி கையோடு வந்துவிடும். முரட்டுத்தனமாக இழுத்துவிட்டோமோ என்று பலர் தங்களையே நொந்துகொள்கிறார்கள். வீட்டுக்குள் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும் ஆபத்து வேறு.

சோப்பு நீரில் கழுவிக் காயவையுங்கள். 600 எண் உப்புத்தாளை நனைத்து, பளபளப்பு மங்கும்வரை தேயுங்கள். பெயின்ட்டுக்குப் பிடிப்புத் தருவது இந்தத் தேய்ப்புதான். தூசியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு பிளாஸ்டிக் பிரைமர் என்ற அடிப்பூச்சை அடியுங்கள். பெயின்ட் பூசாத கறுப்புப் பாகங்கள் பல பாலிபுரோப்பிலீன் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. அவற்றுக்குப் பிரைமருக்கு முன்பே ஒட்டுதிறன் கூட்டும் தனிப் பூச்சு வேண்டும். எந்த வகைப் பிளாஸ்டிக் என்பது பெரும்பாலும் பேனலின் உட்புறத்திலேயே அச்சாகியிருக்கும்.