திமிலைதீவு ஓடுபாதையும் கோட்டைமுனைக்கு மேலே இருக்கிற வானமும்

போன மாதம் மட்டக்களப்பு நகரத்தில், கோட்டைமுனையில் காணி வைத்திருக்கிற ஒருவர், ஆறு மாடி ஹோட்டலுக்குப் பிளான் கீறித் தரச் சொல்லி வந்தார். இருபது வருசமாக எனக்கு இதுதான் தொழில். வீடு, கடை, கலியாண மண்டபம் எல்லாம் கீறியிருக்கிறேன். ஆறு மாடிக்கு 20 மீட்டர், மேலே தண்ணீர்த் தாங்கிக்கு 4 மீட்டர், அதற்கும் மேலே தொலைபேசிக் கம்பனிக்காரருக்கு வாடகைக்கு விட 18 மீட்டர் இரும்புக் கோபுரம். கூட்டிப் பார்த்தால் 42. வரைபடத்தில் காணியைத் தேடியபோதுதான் கவனித்தேன், அது திமிலைதீவு விமான நிலைய ஓடுபாதையின் நேர்க்கோட்டுக்குப் பக்கத்தில், முனையிலிருந்து 2 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. அன்றிலிருந்து இந்த விசயம் தலைக்குள்ளேயே நிற்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், மட்டக்களப்பு ஆட்கள் பொறுமையாக வாசியுங்கள்.

ஓடுபாதை என்றால் தார் போட்ட இடம் மட்டும்தான் என்று நாங்கள் நினைக்கிறோம். அதன் முனைக்கு 60 மீட்டர் தள்ளி ஒரு பன்பாயின் நுனியை நிலத்தில் வைத்து, மற்ற நுனியைக் கடல் பக்கமாக மெல்ல மெல்ல உயர்த்திப் பிடித்தால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு சாய்வு வானத்தில் இருக்கிறது, போகப் போக இரண்டு பக்கமும் அகன்றுகொண்டும் போகும். பாய்க்கு மேலே விமானம், கீழே நாங்கள். எந்தக் கட்டடமும் அதைக் குத்திக்கொண்டு மேலே வரக்கூடாது. இது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த விதி. எங்கள் நாட்டில் 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை பார்க்கிற வேலை. எங்கள் ஓடுபாதை அளவுள்ள ஒன்றில் விமானி கண்ணால் பார்த்து இறங்குவதாக இருந்தால் சாய்வு 30க்கு 1. மழையிலும் மப்பிலும் கருவிகளின் துணையோடு இறங்குவதாக இருந்தால் 50க்கு 1, அதாவது பாய் இன்னும் தாழ்ந்து கிடக்கும். இதோடு ஓடுபாதையைச் சுற்றி 4 கிலோமீட்டருக்கு, 45 மீட்டர் உயரத்தில் தட்டையான ஒரு கூரையும் இருக்கிறது. புளியந்தீவு, கோட்டைமுனை, கல்லடிப் பாலம் வரைக்கும் அதற்குள் வரும்.

சரி, இப்போது அந்த 42 மீட்டரை வைத்துப் பாருங்கள். கண்ணால் இறங்குகிற கணக்கில் அந்த இடத்தில் பாய் கிட்டத்தட்ட 65 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, 45 மீட்டர் கூரையும் இடிக்கவில்லை. தப்பியது. கருவிக் கணக்கில் பாய் 39 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. 3 மீட்டர் இடிக்கிறது. இந்த 3 மீட்டரைப் பற்றித்தான் நான் எழுதுகிறேன். இன்றைக்குத் தப்புகிற கோபுரம், பத்து வருசம் கழித்துப் பெரிய விமானம் ஒன்று மாரி காலத்தில் இறங்கக் கேட்கும்போது குறுக்கே நிற்கும். அப்படி ஒரு தடை நின்றால், விமானி எந்த உயரத்தில் ஓடுபாதையைக் கண்டாக வேண்டும் என்கிற அளவை மேலே தூக்கி வைக்க வேண்டிவரலாம். முகில் தாழ்ந்து கிடக்கிற மார்கழியில் அந்த விமானம் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்காமலே திரும்பிப் போகும்.

எங்கள் விமான நிலையம் 1958இல் வந்தது. 1983இல் விமானப்படை எடுத்துக்கொண்டது. 2016இல் திருத்திய நிலையத்தைத் திறந்தார்கள், 2018 மார்ச்சில்தான் அது முழுக்கச் சிவில் பாவனைக்குத் திரும்பியது. இப்போது பெயரில் சர்வதேசம் இருக்கிறது. வருவது பெரும்பாலும் எட்டுப் பத்துப் பேர் ஏறுகிற சின்ன விமானங்கள்.

எனக்கு இந்த நிலையம் வளர வேண்டும். தம்பி கட்டாரில் வேலை செய்கிறான். அம்மா மோசம் போன அன்று கட்டுநாயக்கவில் இறங்கி, வான் பிடித்து, எட்டு மணித்தியாலம் ஓடி வந்தான். பிரேதம் எடுக்கிற நேரத்தை இரண்டு தரம் தள்ளி வைத்தோம். வாழைச்சேனை தாண்டிவிட்டேன், ஏறாவூர் வந்துவிட்டேன் என்று அவன் சொல்லச் சொல்ல நான் வாசலில் ஐயரிடம் கெஞ்சிக்கொண்டு நின்றேன். கல்முனை, காத்தான்குடி, அக்கரைப்பற்று, ஏறாவூர் என்று எந்த ஊரில் கேட்டாலும் இப்படி ஒரு கதை இருக்கும், வளைகுடாவுக்குப் போகாத வீடு எங்களிடம் குறைவு. பாசிக்குடாவுக்கும் அறுகம்பேக்கும் வருகிற வெள்ளைக்காரரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நான் முதலில் நினைப்பது இந்த வீடுகளைத்தான்.

ஆனால் வளர்ச்சி என்றதும் பெரிய ஜெட் இறங்க வேண்டும், கண்ணாடிக் கட்டடம் வேண்டும் என்று கேட்கிறோமே, அந்த வரிசை பிழை. யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். பலாலியை 2019 ஒக்டோபரில் திறந்தார்கள், நவம்பரில் சென்னையிலிருந்து ஏ.டி.ஆர் 72 வந்தது. எழுபது பேரளவில் ஏறுகிற, இறக்கையில் விசிறி சுற்றுகிற விமானம். அதற்கு முழுச் சுமையோடு கிளம்ப 1300, 1400 மீட்டர் ஓடுபாதை போதும், எங்களிடம் 1560 மீட்டர் அளவில் இருக்கிறது. இங்கிருந்து சென்னைக்கு நேர்க்கோட்டில் 600 கிலோமீட்டருக்குச் சற்று மேலே, திருச்சி அதைவிடக் கிட்ட. ஆக அடுத்த பத்து வருசத்துக்கான விமானத்துக்கு இருக்கிற தார் காணும். ஏ320 மாதிரி ஒரு ஜெட் நிறைந்த சுமையோடு கிளம்ப 2100 மீட்டருக்குக் குறையாமல் வேண்டும், அது பிள்ளைகளின் காலத்துக் கணக்கு. அந்தக் காலத்துக்கு நாங்கள் இப்போது செய்யக்கூடியது இடத்தைக் காப்பாற்றி வைப்பதுதான்.

எவ்வளவு இடம்? இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. தார் முடிகிற இடத்தில் நிலம் முடியக்கூடாது. 60 மீட்டர் வெறும் வெளி, அதற்கு அப்பால் விமானம் வழுக்கி ஓடினாலும் உடையாமல் நிற்க ஒரு பாதுகாப்புப் பகுதி, அது குறைந்தது 90 மீட்டர், 240 மீட்டர் வைக்கச் சொல்லித்தான் பரிந்துரை. இரண்டு முனைக்கும் சேர்த்தால் 1560 மீட்டர் ஓடுபாதைக்கு 2160 மீட்டர் நிலம் தேவை. 2200 மீட்டருக்கு நீட்டினால் 2800. அகலமும் அப்படித்தான், கருவிகொண்டு இறங்குகிற ஓடுபாதைக்கு நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 140 மீட்டர் சமநிலமாக விட வேண்டும். திமிலைதீவில் போய் நின்று பாருங்கள், நீளத்துக்கு இழுத்தால் வாவி, வயல், வீடு, இந்த மூன்றில் ஒன்றில்தான் முட்டும்.

கட்டடங்களையும் இப்போதே தள்ளி வைக்க வேண்டும். ஓடுபாதையின் பக்கவாட்டிலும் ஒரு சாய்வு இருக்கிறது, 7க்கு 1. ஏ320இன் வால் கிட்டத்தட்ட 12 மீட்டர் உயரம். அது தரிப்பிடத்தில் நிற்கிறபோது வால் சாய்வைத் தொடாமல் இருக்க 140க்கு மேலே இன்னும் 84 மீட்டர், நடுக்கோட்டிலிருந்து 224 மீட்டர். இடையில் என்றைக்கோ ஒரு நாள் இணைப்பாதை, அதாவது ஓடுபாதைக்குப் பக்கத்தில் விமானம் ஊர்ந்து போகிற பாதை, போட வேண்டிவரும், அதுவும் நடுக்கோட்டிலிருந்து 160 மீட்டர் அளவில் வேண்டும். இன்றைக்கு வருகிற நாலு விமானத்துக்கு இணைப்பாதை தேவையே இல்லை, ஓடுபாதையிலேயே திரும்பி வந்துவிடலாம். ஆனால் அந்தக் கீற்றில் ஒரு சிற்றுண்டிச்சாலையோ காவல் அறையோ கட்டிவிட்டால் பிறகு இடிக்கத்தான் வேண்டும். வீட்டுக்கு முன்னால் ரோட்டு ஒதுக்கு விடாமல் மதில் கட்டியவர்கள் பிறகு படுகிற பாட்டைப் பார்த்தவன் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வலையிறவுப் பாலத்தால் போய்த் திமிலைதீவில் கொஞ்ச நேரம் நின்றேன். வாவி ஓரத்தில் தோணியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு ஒரு ஐயா வீச்சுவலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பெருவிரலில் நூலைச் சுற்றி, ஊசியை இழுத்து, பல்லால் கடித்து அறுப்பார், என்னை நிமிர்ந்து பார்க்காமலே பேசினார். ஓடுபாதை எந்தத் திசைக்குப் போட்டிருக்கிறது தெரியுமா என்று கேட்டேன். "கச்சான் அடிச்சா பிளேன் டவுண் பக்கத்தால வரும் மகன், வாடைக்கு வவுணதீவுப் பக்கத்தால வரும்" என்றார். அவ்வளவுதான், விசயம் முழுக்க அதில் இருக்கிறது. ஓடுபாதையின் எண் 06, 24. ஒரு பக்கம் 60 பாகை, மற்றப் பக்கம் 240. வாடை வடகிழக்கிலிருந்து வருகிறது, கச்சான் தென்மேற்கிலிருந்து, விமானம் காற்றுக்கு எதிரே முகம் கொடுத்துத்தான் இறங்கும். ஆகவே நீட்டுவதென்றாலும் இதே கோட்டில்தான் நீட்ட வேண்டும், வசதிக்காகத் திசையைத் திருப்ப முடியாது. கச்சான் காலத்தில் ஊருக்கு மேலால்தான் வரும் என்பதையும் மாற்ற முடியாது. மாற்றக்கூடியது ஊர் எவ்வளவு உயரத்துக்கு வளருகிறது என்பது மட்டும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கடல்மட்டத்திலிருந்து 6 மீட்டர் உயரத்தில் இருக்கிற நிலையம் அது. 2011 ஜனவரி வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மாரியில் மேட்டு நிலத்துத் தண்ணீர் எல்லாம் வாவிக்குத்தான் வருகிறது, முகத்துவாரம் வெட்டிவிட்டால்தான் கடலுக்கு ஓடும், இரண்டு நாள் பிந்தினாலும் வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல் அழுகிவிடும். இந்த ஓட்டத்துக்கு நடுவில் ஓடுபாதைக்காக மண் கொட்டி 600 மீட்டருக்கு அணை மாதிரி ஒன்றைக் கட்டினால் பின்னால் இருக்கிறவர்கள் கதி என்ன? மதகும் வடிகாலும் முதலில் கீறுபட வேண்டும், தார் பிறகு. ஒலுவில் துறைமுகத்தில் என்ன நடந்தது என்று அம்பாறை ஆட்கள் சொல்வார்கள். 2013இல் திறந்தார்கள். கரையோரம் மணல் நகருகிற கணக்கோடு அந்த அணைகள் ஒத்துப்போகவில்லை, வாயை மணல் மூடியது, ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னந்தோப்புகளைக் கடல் தின்றது. மீனவர்கள் இன்னும் அந்த நட்டத்தைச் சுமக்கிறார்கள்.

பறவையும் அப்படித்தான். கொக்கு, நீர்க்காகம், கூழைக்கடா எல்லாம் வாவியின் பிள்ளைகள், அவை இருக்கத்தான் செய்யும். குப்பைமேட்டுக்கு வருகிற காகமும் பருந்தும் வேறு, அவற்றை அழைப்பது நாங்கள். விமான நிலையத்திலிருந்து 13 கிலோமீட்டருக்குள் திறந்த குப்பைமேடு வேண்டாம் என்பது உலக வழக்கம். நகரத்துக் குப்பையை எங்கே கொட்டுவது என்று அடுத்த முறை பேசும்போது விமான நிலையத்தையும் அந்தப் பேச்சில் சேர்க்க வேண்டும்.

வான்வழி பற்றி ஒன்று மட்டும். வடக்கே திருகோணமலையில் சீனன்குடா, தெற்கே அம்பாறை, வடமேற்கே ஹிங்குராங்கொட, மூன்றிலும் விமானப்படை. எங்கள் விமானம் வந்து போகிற பாதைகளை அவர்களோடு பேசி எழுத்தில் வைக்க வேண்டும். இப்போது செய்மதி வழிகாட்டலில் இறங்குகிற முறைகள் வந்துவிட்டன, நிலத்தில் பெரிய கருவி வைக்காமலே ஒரு வழியை வகுக்கலாம். செலவு குறைவு. ஆனால் அந்த வழியை வகுக்கிறவர் முதலில் கேட்பது தடைகளின் பட்டியலைத்தான், எந்தக் கோபுரம், எத்தனை மீட்டர், எங்கே என்று.

மத்தளையில் 3500 மீட்டர் ஓடுபாதையே போட்டார்கள், 2013இல் திறந்தார்கள், ஆட்கள் வரவில்லை. அதனால் தேவைக்கு முன்னால் தாரும் கட்டடமும் போடுவதை நான் கேட்கவில்லை. நிலத்தை ஒதுக்குவதற்கும் உயரத்தை எழுதி வைப்பதற்கும் கோடிக்கணக்கில் காசு தேவையில்லை. மாநகரசபை, மண்முனை மேற்குப் பிரதேச சபை, நகர அபிவிருத்தி அதிகாரசபை, விமானப் போக்குவரத்து அதிகாரசபை நாலும் ஒரே படத்தை வைத்துக்கொண்டு கட்டட அனுமதி கொடுத்தால் காணும். அந்தப் படம் ஒவ்வொரு அலுவலகத்தின் வாசலிலும் தமிழில் தொங்க வேண்டும். நான் இந்த உயரத்தை உறுதிப்படுத்த ஒரு அலுவலகத்துக்குப் போய் மூன்று நாள் அலைந்தேன், கடைசியில் வேறு ஒரு மேசையைக் காட்டி அனுப்பினார்கள். பிளான் கீறுகிற எனக்கே இப்படி என்றால் வீடு கட்டுகிற சனத்துக்கு யார் சொல்வது?

வலை பொத்திய ஐயா நான் கிளம்பும்போதுதான் நிமிர்ந்தார். "எடுக்கிறதெண்டா முன்னுக்கே சொல்லட்டும் மகன். அத்திவாரம் போட்டாப் பொறகு வந்து சொல்ல வேணாம்." அவருக்குப் பின்னால் மகளுக்கென்று குவித்து வைத்த கல்லும் மணலும் கிடந்தன, மணலில் புல் முளைத்திருந்தது. போர்க்காலத்தில் எத்தனை தரம் எழும்பிப் போன சனம் அது. எந்தக் காணி தேவை, எப்போது, என்ன நட்டஈடு, மாற்றுக் காணி எங்கே என்பதை எழுத்தில் கொடுக்காமல் ஒரு கோடும் கீறக்கூடாது. தேவையில்லாத காணியை "தேவையில்லை" என்று எழுதிக் கொடுப்பதும் அதே அளவுக்கு முக்கியம், அந்த மகள் வீட்டைக் கட்டட்டும்.

ஹோட்டல்காரருக்குக் கோபுரம் இல்லாமல் பிளான் கீறிக் கொடுத்துவிட்டேன். வாடகை போகிறதே என்று கவலைப்பட்டார், கணக்கை ஒரு மணித்தியாலம் இருந்து விளங்கப்படுத்தினேன், பிறகு சரி என்றார். கோட்டைமுனை, புளியந்தீவு, புதூர், திமிலைதீவு, வவுணதீவுப் பக்கம் மாடி எழுப்ப இருக்கிறவர்கள் காணி இருக்கிற இடத்தையும் கட்டட உயரத்தையும் உள்பெட்டியில் அனுப்புங்கள். இரண்டு சாய்விலும் எத்தனை மீட்டர் வருகிறது என்று பார்த்துச் சொல்கிறேன், காசு வேண்டாம். அனுமதி கொடுப்பது அதிகாரசபைதான், ஆனால் அத்திவாரத்துக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.