போன கையோடு வேலையை விட்டு வருவது பற்றி

மாலைதீவுக்கோ வியட்நாமுக்கோ ஆங்கிலம் படிப்பிக்கப் போன பிள்ளை ஒன்றரை மாதத்தில் திரும்பி வந்து நின்றால், எங்கட ஊரில் முதற்கேள்வி "என்ன, சரிவரேல்லையோ?" அடுத்த கேள்வி "அப்ப ஏஜென்சிக்குக் கட்டின காசு?" இந்த இரண்டு கேள்விக்கும் பயந்தே பலர் அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்டுகிறார்கள். வேறு சிலர் ஒருவருக்கும் மூச்சு விடாமல் இரவோடு இரவாக விமானம் ஏறிவிடுகிறார்கள். இரண்டுமே பிழை என்பதுதான் என் கருத்து. ஒத்துவராத வேலையை முதல் மூன்று மாதத்துக்குள் விடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தகுதிகாண் காலம் என்று ஒன்றைச் சட்டத்தில் வைத்திருப்பதே அதற்குத்தான். பள்ளிக்கூடம் ஆசிரியரைப் பார்க்கிற அதே காலத்தில் ஆசிரியரும் பள்ளிக்கூடத்தைப் பார்க்கலாம். ஆனால் விடுகிற முறையில் கோட்டைவிட்டால் அபராதம், நுழைவுத் தடை, வராத சம்பளம் என்று வால்பிடித்து வரும்.

யாழ். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்தவர்கள், கல்வியியற் கல்லூரியால் வெளிவந்தவர்கள், எச்.என்.டி. (உயர் தேசிய டிப்ளோமா) ஆங்கிலம் முடித்து ரியூட்டரிகளில் படிப்பித்துக்கொண்டு இருப்பவர்கள் என்று இந்த வழியில் போகிறவர்கள் இப்போது அதிகம். அவர்களுக்காகத்தான் இந்த நீளமான பதிவு.

முதலில், எதற்காக விடக்கூடாது என்பது. நித்திரை வராதது, சாப்பாடு பிடிக்காதது, வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் என்ற மாலைதீவு ஒழுங்கு, சின்னத் தீவில் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு போக இடமில்லாமை, அதிபர் முகம் கொடுத்துக் கதைக்காதது. இவை உண்மையான கஷ்டங்கள்தான், ஆனால் பெரும்பாலும் காலம் போகப் பழகிவிடும். முதற்சம்பளம் கைக்கு வரும்வரை இந்தக் காரணங்களை வைத்து முடிவெடுக்க வேண்டாம். வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து அழுத அடுத்த நாள் காலையில் இராஜினாமாக் கடிதம் எழுதவே வேண்டாம்.

காத்திருக்கக் கூடாத காரணங்கள் வேறு. அவற்றில் முதலாவது விசா. வியட்நாம் போகிறவர்கள் கையில் விசா கிடைத்தவுடன் அதன் வகைக் குறியீட்டைப் பாருங்கள். எல்.டி. என்றால் தொழில் விசா. டி.எல். என்றால் சுற்றுலா. டி.என். என்றால் வர்த்தகம். எழுத்து இடம் மாறினால் தலையெழுத்தே மாறும். "இப்ப இ-விசாவில போங்கோ, வேர்க் பெர்மிற் அங்க போய் எடுக்கலாம்" என்பது ஏஜென்சிக்காரர் வழமையாகச் சொல்வது. 2023 ஓகஸ்டில் இருந்து வியட்நாம் இ-விசா 90 நாள்வரை தருகிறது. அதனால் இந்தக் கதை நம்பக்கூடியதாகவும் இருக்கிறது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், வேர்க் பெர்மிற்றுக்குப் பட்டச் சான்றிதழும் பொலிஸ் நற்சான்றும் இலங்கையில் அத்தாட்சிப்படுத்தி, பிறகு தூதரக முத்திரையும் பெற்றிருக்க வேண்டும். இங்கிருக்கும்போது யாழ். மாவட்டச் செயலகத்தில் உள்ள கொன்சியூலர் அலுவலகத்தில் தொடங்கிக் கொழும்பில் முடிக்கக்கூடிய வேலை அது. அங்கே போனபின் வீட்டில் இருக்கும் அம்மாவை அலையவிட வேண்டிய வேலை. 90 நாளும் ஓடிவிடும், பெர்மிற் வராது. பெர்மிற் இல்லாமல் வேலை செய்து பிடிபட்டால் நாட்டை விட்டு அனுப்பப்படுவது ஆசிரியர்தான். நிறுவனம் அபராதத்தைக் கட்டிவிட்டு அடுத்த ஆளைப் பிடிக்கும். முதல் மாதத்திலேயே "பெர்மிற் விண்ணப்பம் போட்ட பத்திரத்தைக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் அன்றைக்கே வெளிக்கிடும் ஆயத்தத்தைத் தொடங்கலாம்.

(தென்கொரியா என்று சொல்லிக் காசு கேட்பவர்களைப் பற்றி ஒரு வரி: அங்கே ஆங்கில மொழி ஆசிரியருக்கான ஈ-2 விசா அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு உரியது. இலங்கைக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்க ஏலாது.)

இரண்டாவது, கடவுச்சீட்டையும் மூலச் சான்றிதழையும் வாங்கி அலுமாரியில் பூட்டி வைப்பது. விசா பதியக் கொடுப்பது வேறு, "எங்களிட்ட இருக்கட்டும்" என்பது வேறு. வியட்நாம் தொழிற்சட்டத்தின் 17ஆம் பிரிவும் சீனத் தொழில் ஒப்பந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவும் இதை நேரடியாகவே தடுக்கின்றன. ஐக்கிய அரபு இராச்சியத்திலும் தடைதான். விசா வேலைக்கென்று கொடுத்தால், எந்தத் திகதியில் திரும்ப வரும் என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது நேரக் கணக்கு. ஒப்பந்தத்தில் "வாரம் 20 மணித்தியாலம் கற்பித்தல்" என்று இருக்கும். மொழி நிலையங்களில் அது பெரும்பாலும் பிள்ளைகளின் முன் நிற்கிற நேரம் மட்டும். பாட ஆயத்தம், பெற்றோருக்கு அறிக்கை, ஞாயிற்றுக்கிழமை விளம்பர நிகழ்ச்சியில் பலூன் பிடித்துக்கொண்டு நிற்பது எல்லாம் சேர்ந்தால் 40 மணித்தியாலத்துக்குப் போகலாம். இது ஏமாற்றா, நீங்கள் வடிவாக வாசிக்காமல் விட்டதா என்பதை ஒப்பந்தத்தை எடுத்து வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அலுவலக நேரம் தனியாக எழுதப்பட்டிருந்தால் உங்கள் வாதம் பலவீனம். எழுதப்படவில்லை என்றால் பலம். சம்பளம் பிந்துவதற்கு மட்டும் எந்த விளக்கமும் தேவையில்லை. முதற்சம்பளமே பத்து நாள் பிந்துகிற இடத்தில் ஆறாவது சம்பளம் நேரத்துக்கு வருமா?

இனிச் சட்டம் எங்கே எவ்வளவு இடம் தருகிறது என்பது. மாலைதீவின் 2008ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி தகுதிகாண் காலம் மூன்று மாதத்துக்கு மேற்படக்கூடாது. அந்தக் காலத்துக்குள் எந்தப் பக்கமும் முன்னறிவித்தல் இல்லாமல் முடித்துக்கொள்ளலாம். வியட்நாமில் பட்டப்படிப்புத் தேவைப்படும் வேலைக்குத் தகுதிகாண் காலம் அதிகபட்சம் 60 நாள், அப்போது சம்பளம் குறைந்தது 85 வீதம், விலக முன்னறிவித்தல் வேண்டாம். அது கடந்துவிட்டால் 12 முதல் 36 மாத ஒப்பந்தத்துக்கு 30 நாள் அறிவித்தல். சம்பளம் முழுதாகவோ நேரத்துக்கோ தராவிட்டால் அதுவும் தேவையில்லை. சீனாவில் தகுதிகாண் காலத்தில் 3 நாள், பிறகு 30 நாள், எழுத்தில். அங்கே வேலை விடுவிப்புச் சான்று இல்லாமல் வெளியேறினால் அடுத்த பள்ளிக்கூடத்துக்கு வேர்க் பெர்மிற் மாற்றுவது தலையிடி.

டுபாய், அபுதாபிப் பக்கம் போனவர்கள் மிகக் கவனம். அங்கே 2022 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி தகுதிகாண் காலம் ஆறு மாதம்வரை போகலாம். அதற்குள் வேலையை விட்டு நாட்டுக்குத் திரும்புவதென்றால் 14 நாள் எழுத்து மூல அறிவித்தல் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் போனால் ஒரு வருடத்துக்கு அங்கே வேறு வேலை அனுமதி கிடைக்காது. அங்கேயே வேறு பள்ளிக்கூடத்துக்கு மாறுவதென்றால் ஒரு மாத அறிவித்தல். ஆட்சேர்ப்புச் செலவைப் புதிய பள்ளிக்கூடம் பழையதற்குக் கொடுக்க வேண்டும், ஆசிரியர் அல்ல. "உன்ர விசாச் செலவைக் கட்டிப்போட்டுப் போ" என்று சொன்னால், ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் அறவிடக்கூடாது என்று அதே சட்டம் சொல்வதைக் காட்டுங்கள்.

தாய்லாந்தில் கதை வேறு. பள்ளிக்கூடத்தை வைத்து நீடித்த விசா, வேலை முடியும் அதே நாளில் முடிந்துவிடும். குடிவரவு அலுவலகத்தில் 1,900 பாத் கட்டினால் 7 நாள் தருவார்கள். அதையும் தாண்டி நின்றால் நாளொன்றுக்கு 500 பாத், 20,000 பாத் வரை ஏறும். ஆகவே கடைசி வேலை நாளைத் தீர்மானித்த பிறகு ரிக்கெற் போடுவதல்ல, ரிக்கெற் திகதியைப் பார்த்துக் கடைசி வேலை நாளைக் கடிதத்தில் எழுதுவதுதான் புத்தி.

கடிதம் என்றேன். ஐந்து வரி போதும். எந்தப் பதவியில், எந்தத் திகதியில் சேர்ந்தது. ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி விலகுவது. கடைசி வேலை நாள் எது. வரவேண்டிய சம்பளம், திருப்பித் தரவேண்டிய வைப்புப் பணம் எவ்வளவு. விசா இரத்துச் செய்த பத்திரம், சம்பளச் சிட்டை, சேவைச் சான்று ஆகியவற்றைத் தரும்படி வேண்டுகோள். அவ்வளவுதான். மனவேதனையை மூன்று பக்கத்துக்கு எழுதினால், அதில் ஒரு வரியைப் பிடித்து "நீங்களே சுகமில்லை என்று எழுதியிருக்கிறியள்" என்று திருப்புவார்கள். அதிபருக்கும் ஆளணிப் பிரிவுக்கும் மின்னஞ்சலில் அனுப்பி, ஒரு பிரதியை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கும் போடுங்கள். பள்ளிக்கூடம் தந்த மின்னஞ்சல் கணக்கைக் கடிதம் போன அன்றே பூட்டிவிடுவது வழக்கம். வட்ஸ்அப்பில் மட்டும் சொல்லிவிட்டு இருக்க வேண்டாம்.

கடிதத்துக்கு முன்னால் செய்யவேண்டியது ஒன்று: காசு. வெளிக்கிட ரிக்கெற், இரண்டு கிழமைக்கு மலிவான தங்குமிடம், அபராதம் வந்தால் கட்ட ஒரு தொகை. இது கையில் இல்லாமல் கடிதம் கொடுத்தால் பள்ளிக்கூட விடுதியை விட்டு எழும்பச் சொன்ன அன்றிரவு தெருவில்தான். மாலைதீவில் இன்னொரு நுணுக்கம்: சம்பளம் ருபியாவில் வரும். உத்தியோகபூர்வ விலை டொலருக்கு 15.42 ருபியா, ஆனால் அந்த விலைக்கு வங்கியில் நினைத்த அளவு டொலர் கிடைக்காது. வெளிச்சந்தையில் கூடக் கொடுக்க வேண்டும். தூரத்து அத்தொள் (தீவுக்கூட்டம்) என்றால் மாலேக்கு வந்துசேர உள்ளூர் விமானமோ வேகப்படகோ தனிச்செலவு. கடல் குழம்பினால் படகு ஓடாது. மாலேயில் ஒரு இரவாவது இடைவெளி விட்டுக் கொழும்பு ரிக்கெற் போடுங்கள்.

"நகை அடைவில கிடக்கு, எப்பிடி வாறது?" என்பதுதான் எங்கட பக்கத்துப் பெரிய விலங்கு. கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான்கு இலட்சம் கடன், நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 8,000 ரூபா. அங்கே வாடகை, சாப்பாடு போக மாதம் மிஞ்சுவது 60,000 என்றால் இருந்து கடனை அடைப்பதில் நியாயம் உண்டு, உடம்பும் மனமும் இடம் கொடுத்தால். மிஞ்சுவது 15,000 என்றால் வட்டி போக 7,000. அதைச் சேர்த்துக் கடன் முதலை ஒரேயடியாக அடைக்க நாலரை வருடத்துக்கு மேல் போகும். ஊருக்கு வந்து இரண்டு ரியூட்டரியில் வகுப்பெடுத்தால் அதைவிடக் கூட மிஞ்சும். மானப்பிரச்சினையாக இதைப் பார்ப்பவர்கள் ஒரு தாளில் எழுதிப் பார்ப்பதில்லை.

ஏஜென்சிக்காரர் போகமுதல் கையெழுத்து வாங்கிய வெற்றுக் காசோலையும் வெள்ளைத் தாளும் இன்னொரு பயம். கொடுக்காமல் விடுவதே முதல் வழி. கொடுத்துவிட்டவர்கள், கட்டிய ஒவ்வொரு காசுக்கும் பற்றுச்சீட்டு, வங்கிப் பதிவு, குரல் பதிவுகள், வேலை விளம்பரத்தின் படம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். உரிமம் உள்ள முகவர் என்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முறையிடலாம், 1989 என்ற இலக்கத்துக்கும் எடுக்கலாம். பணியகத்தில் பதிந்து போனவருக்குக் காப்புறுதியும் உண்டு. சுற்றுலா விசாவில் பதியாமல் போனவரின் பேச்சு அங்கே அவ்வளவு எடுபடாது. உரிமம் இல்லாத ஆள் என்றால் பொலிசுக்கும் போக வேண்டிவரும்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. நிர்வாகம் எவ்வளவு கெட்டதாக இருந்தாலும் வகுப்பில் இருக்கிற பிள்ளை ஒரு பிழையும் செய்யவில்லை. மாலைதீவில் கேம்பிரிஜ் பரீட்சைக்கு ஆயத்தமாகும் வகுப்பைப் பரீட்சைக்கு முந்திய மாதம் விட்டு வருவதை எந்தச் சட்டம் அனுமதித்தாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், சம்பளமே தராத இடமாக இருந்தாலொழிய. எப்போது விட்டாலும் வகுப்புக்கு ஒரு தாள் எழுதி வையுங்கள்: பாடநூலில் நிற்கிற அலகும் பக்கமும், போட்ட புள்ளிகள், திருத்தாத கட்டுரைகள், பேச்சுப் பரீட்சை எடுக்காத பிள்ளைகளின் பெயர்கள், வாசிக்கவே கஷ்டப்படுகிற நாலு பேர் யார் என்பது. அரை மணித்தியால வேலை. அடுத்து வருபவர் இரண்டு கிழமை தடவத் தேவையில்லை. சேவைச் சான்று தர மறுக்கிற அதிபர்கூட இந்தத் தாளைக் கண்டால் கொஞ்சம் இறங்கி வருவார்.

வந்தபின்: அரச பாடசாலையில் சம்பளமற்ற லீவில் போன ஆசிரியர் என்றால், லீவு முடியும்வரை வீட்டில் ஒளிந்திருக்காமல் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதி, முன்கூட்டிச் சேவைக்குத் திரும்பக் கேளுங்கள். லீவு எடுக்காமல் போனவர்களுக்குப் பதவி வெறிதாக்கிய கடிதம் (தாமாகவே வேலையை விட்டதாகக் கருதும் கடிதம்) வந்திருக்கும். அது தனி வழக்கு. சுயவிபரக்கோவையில் ஆறு கிழமை வேலையை எழுதாமல் விடலாம், ஒருவரும் கோபிக்க மாட்டார்கள். ஆனால் அடுத்த விசா விண்ணப்பத்தில் "முன்பு எந்த நாட்டில் வேலை செய்தீர்கள்" என்று கேட்டால் மறைக்க வேண்டாம், கடவுச்சீட்டில் முத்திரை கிடக்கிறது. விசா இரத்துப் பத்திரத்தின் பிரதியை அந்த விண்ணப்பத்தோடு சேர்த்தே கொடுங்கள். அது இல்லாதவர்கள் பழைய பள்ளிக்கூடத்துக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள். இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் அந்த அலுவலகத்தில் உங்களைத் தெரிந்த ஆளே இருக்காது.