கெகுரியின் கைகள்

கெகுரி அன்று தன் கைகளைக் காட்டியிருக்கக் கூடாது. காட்ட வைத்திருக்கக் கூடாது என்று சொன்னால் இன்னும் சரி. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தென்கொரியாவைச் சேர்ந்த கிம் செ-யொன் கேமில் வைத்துக்கொண்ட பெயர் கெகுரி. கொரிய மொழியில் தவளை என்று அர்த்தம். 2016 மே 24 அன்று ஓவர்வாட்ச் என்ற, அணியாகச் சேர்ந்து சுடும் ஆன்லைன் கேம் வெளிவந்தது. ஜூன் மாதம் ஒரு போட்டியின் தகுதிச்சுற்றில் இவருடைய அணி ஜெயித்தது. தோற்ற அணியினர், இவர் எய்ம்பாட் (தானாகவே குறி வைக்கும் திருட்டு மென்பொருள்) போட்டுத்தான் ஆடினார் என்றார்கள். இவர் ஏமாற்றவில்லை என்று நிரூபணமானால் ஆட்டத்தையே விட்டுவிடுகிறோம் என்று இருவர் சொன்னார்கள். கத்தியோடு வீட்டுக்கு வருவேன் என்ற மிரட்டல் வரை அது போனது. அப்போது அவருக்கு 17 வயது.

அந்தச் சந்தேகம் ஏன் அவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டது என்பதையும் பார்க்க வேண்டும். அவர் ஆடியது ஜார்யா என்ற பாத்திரம். ஜார்யாவின் துப்பாக்கியிலிருந்து தோட்டா வராது, கதிர் ஒன்று விடாமல் பாயும். எதிரி ஓடினாலும் குதித்தாலும் குறி அவன் மேலேயே இருந்தால்தான் அடி விழும். எய்ம்பாட் செய்வதும் இதேதான். அதனால் பதிவான வீடியோவை மட்டும் பார்த்தால், நன்றாகப் பழகிய கையும் திருட்டு மென்பொருளும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரியும். போதாததற்கு கேம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மனிதக் கையால் எவ்வளவு தூரம் முடியும் என்று யாருக்குமே தெரியாத நேரம் அது. இணையத்தில் சுற்றி வந்த துண்டு வீடியோவைப் பார்த்துவிட்டு நானும் நம்பினேன். அதை இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

அப்புறம்தான் அவர் கைகளைக் காட்டிய அந்த லைவ், அதாவது நேரலை, நடந்தது. முகத்தில் மாஸ்க், எதிரே திரை, மவுஸும் கீபோர்டும் தெரியும்படி கைகளுக்கு மேலே ஒரு கேமரா. ஆடிக் காட்டினார். கேமை உருவாக்கிய பிளிசார்டும் அவர் எதையும் பயன்படுத்தவில்லை என்றது. குற்றம் சாட்டிய இருவரும் சொன்னபடி விலகினார்கள். உலகம் முழுக்கச் செய்தியானது. ஒரே வாரத்தில் அவர் பெயர் எங்கும் பரவியது.

ஆனால் அந்தப் புகழ் எதற்காக வந்தது? "ஏமாற்றவில்லை" என்பதற்காக. எத்தனையோ பேர் அதே கேமை அருமையாக ஆடினார்கள், அவர்களிடம் யாரும் கையைக் காட்டச் சொல்லவில்லை. ஆதாரம் தர வேண்டியது குற்றம் சாட்டியவரின் வேலை. நடுவர்களிடமும் நிறுவனத்திடமும் முறையிட்டு, முடிவு வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது அவ்வளவு கஷ்டமா?

2018-இல் அந்தக் கேமின் தொழில்முறைப் போட்டியான ஓவர்வாட்ச் லீக் 12 அணிகளோடு தொடங்கியபோது ஒரு பெண்கூட அதில் இல்லை. கெகுரியை ஏன் எடுக்கவில்லை என்று செய்தியாளர்கள் கேட்டதற்கு, ஆண்களோடு ஒரே வீட்டில் தங்குவது சிக்கல், விளம்பரத்துக்காக எடுத்தோம் என்பார்கள் என்றெல்லாம் பதில் வந்தது. பிப்ரவரியில் ஷாங்காய் டிராகன்ஸ் அணி அவரை எடுத்தது. லீக்கின் முதல் பெண் அவர்தான். அந்த அணி அந்த சீசனில் ஆடிய 40 ஆட்டங்களிலும் தோற்றது. அங்கேயும் நின்று ஆடினார் என்பதுதான் எனக்கு அந்த லைவைவிடப் பெரிய விஷயம்.

எல்லி விவகாரத்தைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. 2018 டிசம்பர் கடைசியில், இரண்டாம் நிலைப் போட்டியில் ஆடும் ஓர் அணியில் சேர்ந்த எல்லி என்ற பெண்ணைச் சந்தேகித்தார்கள், அடையாளத்தைக் கேட்டார்கள். சில நாளில் விலகிவிட்டார். பலரும் அவருக்காகக் கோபப்பட்டோம். பிறகு பிளிசார்டே சொன்னது: எல்லி என்று ஒருவரே இல்லை, அனுபவமுள்ள ஒரு ஆட்டக்காரர் உருவாக்கிய போலி அடையாளம் அது. சந்தேகப்பட்டவர்கள் "பார்த்தாயா" என்றார்கள். அந்த ஆளை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. அவர் மாட்டிக்கொண்டதற்கான விலையை இனி வரும் ஒவ்வொரு பெண்ணும் கொடுக்க வேண்டியிருக்கும்.

என் அண்ணன் மகள் மொபைலில் டீமாகச் சேர்ந்து ஆடுவாள். மைக் எப்போதும் அணைத்தே இருக்கும். எதிரி எங்கே இருக்கிறான் என்று சொல்ல வேண்டாமா என்று போன வாரம் கேட்டேன். "நான் பேசினா கேமை விட்டுட்டு என்னைப் பத்தியே பேசுவாங்க சித்தப்பா" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.