வெளி மைதானம் என்றால் பதுங்கத்தான் வேண்டுமா?

'எதிரணி மைதானத்தில் டிரா கிடைத்தாலே போதும், பின்னால் இறங்கியே ஆடட்டும்' என்று நம் கால்பந்து அணியைப் பற்றிய கட்டுரையில் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நம் அணியின் பலமே மைதானத்தின் ஓரங்களில் ஓடித் தாக்கும் வேகமான இரண்டு விங்கர்கள்தான். அவர்களையும் நம் கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பாக்ஸுக்குள் இழுத்து நிறுத்திவிட்டால், பந்தைப் பறித்ததும் யாரிடம் கொடுப்பது? உதைத்து வெளியேற்றும் பந்தெல்லாம் உடனே நம் பக்கமே திரும்பி வரும்.

சரி, கூட்டத்தின் சத்தத்தைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. 2020-ல் ஐரோப்பாவில் காலி மைதானங்களில் ஆடியபோது விருந்தினர் அணிகளுக்கு மஞ்சள் அட்டைகள் குறைந்தன. நடுவரும் மனிதர்தானே! அதனால் முதல் கால் மணி நேரம் தேவையில்லாத ஃபவுல் வேண்டாம். த்ரோ-இன், கோல் கிக் எல்லாவற்றையும் பதறாமல் எடுத்து, அரங்கத்தின் சூட்டைத் தணிக்க வேண்டும். அப்புறம் மெல்ல முன்னேறலாம். எதிரணியின் சொந்த ரசிகர்களே முணுமுணுக்க ஆரம்பித்தால் அந்த அணியின் டிஃபெண்டர்கள் அவசரப்பட்டுப் பாஸைத் தவறவிடுவார்கள். அங்கேதான் நம் விங்கர்களுக்கு வேலை.

நான் டிக்கெட் எடுத்தாயிற்று. நமக்கு ஒதுக்கியிருப்பது மேல் மூலையில் ஒரு சின்னப் பகுதிதான். இருந்தாலும் ஆட்டம் முடியும்வரை தொண்டை கிழியக் கத்துவோம். பயிற்சியாளர் துணிந்து அணியை இறக்கட்டும்!